பழைய டேனரி இடத்தில் பூங்கா வருகிறதா? மண்ணைச் சோதிக்க முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நிலம் என்று வரும்போது அந்தப் பழமொழியைத் தள்ளிவைத்துவிடுங்கள். ஊருக்குச் சும்மா கிடைக்கிற நிலத்தைத்தான் முதலில் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இப்படி நிலம் கிடைப்பது அடிக்கடி நடக்கிறது. வருடக்கணக்கில் மூடிக் கிடந்த டேனரியையோ (தோல் பதனிடும் தொழிற்சாலை) சாயப்பட்டறையையோ ஒருவர் வாங்கி மனை பிரிப்பார். இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், தமிழ்நாட்டு விதிப்படி சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அது பெரும்பாலும் விற்காத மூலையாக இருக்கும். அங்கே பூங்காவும் பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் வரப்போகிறது என்று வார்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அந்த மூலை எதற்காக விற்காமல் கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சி நகரத்தில் 1953-ல் நடந்தது இதுதான். லவ் கெனால் என்ற வாய்க்காலில் 20,000 டன்னுக்கு மேல் ரசாயனக் கழிவைப் புதைத்த கம்பெனி, அந்த இடத்தைப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. 1978-ல் அவசரநிலை அறிவித்து அந்தக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

குடியிருப்போர் சங்கத்திலோ ஊராட்சியிலோ இருந்துகொண்டு, இந்த மாதிரி ஓர் இடத்தை என்ன செய்வது என்று முதல்முறையாக யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் நாங்கள் செய்ததை வைத்து டேனரியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வேறு தொழிற்சாலை என்றாலும் போகிற வழி இதுதான்.

ஜேசிபிக்கு முன்னால் போய் நில்லுங்கள்

இடம் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்ய நினைக்கிற முதல் வேலை, முள்ளைப் பிடுங்கி மட்டமாக்குவது. அதைத் தடுப்பதுதான் உங்கள் முதல் வேலை. ஒரு மூலையில் பத்துக்குப் பத்து அடியில் கிடக்கிற கழிவை ஜேசிபி அரை மணி நேரத்தில் ஏக்கர் முழுவதும் பரப்பிவிடும். அப்புறம் எங்கே இருந்தது, எவ்வளவு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒரு மூலை மண்ணோடு முடிய வேண்டிய செலவு பத்து மடங்காகும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகம் உள்ள மண் என்றால் தூசியும் ஆபத்து. அதன் கொடிய வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்தை (விளக்கம் பின்னால் வரும்) மூச்சில் இழுத்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது உலக அளவில் உறுதியான விஷயம்.

ஆகவே ஆணையருக்கோ வட்டார வளர்ச்சி அலுவலருக்கோ ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். மண் சோதனை முடியும்வரை மண் வேலை எதுவும் வேண்டாம், பழைய கட்டடத்தை இடிக்க வேண்டாம், ஆடு மாடும் பிள்ளைகளும் போகாதபடி வேலி போடுங்கள் என்று கேளுங்கள். கையெழுத்து வாங்கிய நகல் உங்களிடம் இருக்கட்டும்.

காகிதத்தில் இருக்கும் கதை

முதலில் சர்வே எண். அது கிடைத்தால் பட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம், முப்பது நாற்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ். இவை யாரிடமிருந்து யாருக்கு இடம் போனது என்று சொல்லும். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பாருங்கள். இன்று முள்காடாகத் தெரியும் இடத்தில் இருபது வருடத்துக்கு முன் கறுப்பாக ஒரு குட்டை தெரிந்தால், உங்கள் வரைபடத்தில் அதற்கு முதல் வட்டம் போடுங்கள்.

அடுத்தது தகவல் உரிமை மனு. மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். "இந்தத் தொழிற்சாலை பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்காதீர்கள், ஒன்றும் வராது. ஆலை நடத்த வாரியம் தந்த இசைவாணையின் நகல், ஆய்வு அறிக்கைகள், மூடல் உத்தரவு, அபாயகரக் கழிவு பற்றி வருடா வருடம் அவர்கள் தாக்கல் செய்த கணக்கு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கடைசிக் கணக்குதான் முக்கியம். வருடத்துக்கு இவ்வளவு டன் சேறு உற்பத்தி ஆனது என்று இருக்கும். அது வெளியே போனதற்கான சீட்டு இருக்காது. அப்படியானால் அந்தச் சேறு எங்கே?

அதற்குப் பதில் மனிதர்களிடம் இருக்கிறது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: அங்கே வேலை பார்த்தவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்காமல் ஒரு கைப்பிடி மண்ணைக்கூட லேபுக்கு அனுப்பாதீர்கள்.

எங்கள் ஊரில் நாங்கள் முதலில் போட்ட வரைபடம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தோலைக் குரோமில் போட்டுச் சுற்றும் மர டிரம்கள் இருந்த கொட்டகையைச் சுற்றி ஆறு இடம் குறித்திருந்தோம். அறுபது வயது தாண்டிய ஓர் அண்ணன், பதினெட்டு வருடம் அங்கே டிரம்மில் வேலை செய்தவர், காலை வெயில் ஏறுவதற்கு முன் எங்களோடு வந்தார். கொட்டகைத் தரையைப் பார்த்தார். "இங்க என்னா தம்பி இருக்கப் போவுது? தெனம் கழுவி உட்டுடுவோம்" என்றார். பிறகு பின்பக்கச் சுவரோரமாக நடந்து, ஒரு வேப்பமரத்தில் கை வைத்து நின்றார். "இந்த மரம் அப்ப என் இடுப்பு ஒசரம். இதுக்கு அந்தாண்ட பெரிய பள்ளம். லாரி வராத நாள்ல சேறெல்லாம் இங்கதான். மேல மண்ணத் தள்ளி மூடிடுவாங்க." அந்த இடத்தில் தரை கொஞ்சம் மேடாக இருந்தது. வேம்புக்கு அந்தப் பக்கம் புல் இல்லை, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எங்கள் வரைபடத்தில் அங்கே ஒரு புள்ளியும் இல்லை. பின்னால் ரிப்போர்ட் வந்தபோது குரோமியம் மிக அதிகமாக இருந்தது அந்தப் பள்ளத்தில்தான். கொட்டகைத் தரையடி மண் பரவாயில்லாமல் இருந்தது.

இப்படி நான்கைந்து பேரையாவது தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் ஒருவர் சொல்வதை மற்றவர்கள் ஒத்துக்கொண்டுவிடுவார்கள். சுண்ணாம்புக் குழி எங்கே, கழிவுநீர் எந்த வாய்க்காலில் போனது, டீசல் டேங்க் எங்கே, ரசாயன மூட்டை அடுக்கிய அறை எது, டிரான்ஸ்ஃபார்மர் எங்கே நின்றது, மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும் என்று கேளுங்கள். பெண்களை மறக்காதீர்கள். தரை கழுவியதும் சேறு அள்ளியதும் அவர்களாகத்தான் இருக்கும்.

சுவருக்கு வெளியேயும் கேளுங்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் அம்பலமானது ஆலைக்குள் இருந்த கழிவால் அல்ல. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி அந்த ஊர் முஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் டன் கணக்கில் கிடந்ததை ஊர் மக்கள் கண்டுபிடித்ததால்தான். காலி டப்பா, கோணி, சாம்பல், சேறு எல்லாம் எந்தக் கடைக்கு, எந்த வயலுக்குப் போனது என்று கேட்டே தீர வேண்டும். சேற்றை "எரு" என்று வயலில் போட்டவர்களும் இருப்பார்கள்.

எந்தத் தொழில் எதை விட்டுப் போகும்

டேனரி என்றால் உப்பு, சல்பைடு, குரோமியம். ஆவாரம்பட்டையில் மட்டும் பதனிட்ட பழைய டேனரியானால் குரோமியம் குறைவாக இருக்கலாம், உப்பு அதேதான். பேட்டரி உருக்கிய இடத்தில் ஈயம். முலாம் பூசும் பட்டறையில் நிக்கல், காட்மியம், சயனைடு, கூடவே குரோமியம். பெட்ரோல் பங்க், பஸ் டெப்போ என்றால் எண்ணெயும் பென்சீனும். எந்தத் தொழிற்சாலையானாலும் சிமென்ட் ஷீட் கூரை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடைக்கக் கூடாது, நனைத்து முழுசாக இறக்க வேண்டும்.

குரோமியத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் புதியவர்களை ஏமாற்றுவது எளிது. அது இரண்டு உருவில் வரும். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் உள்ளது. அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அதிகம் நகராது, விஷமும் குறைவு. ஆறு இணைதிறன் உள்ளது தண்ணீரில் கரைந்து கிணற்றுக்குப் போகும், புற்றுநோய் தரும். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் முதலாவது கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவதாக மாறவும் செய்யும். "டேனரியில் இருப்பது நல்ல குரோமியம்தான்" என்று யாராவது சொன்னால், இரண்டையும் தனித்தனியாக அளந்த ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அங்கே மழைக்காலத்தில் கசிகிற தண்ணீர் மஞ்சளாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

நடந்து பார்ப்பது

மழை விட்ட மறுநாள் ஒரு முறை, கோடையில் ஒரு முறை போங்கள். மழைக்குப் பின் தேங்கிய நீரில் மஞ்சள், எண்ணெய்ப் படலம் தெரியும். கோடையில் தரைக்கடியில் இருப்பது ஈரத்தோடு மேலே ஏறி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பூத்து நிற்கும். புல் இல்லாத திட்டு, சீமைக்கருவேலம் மட்டும் நிற்கும் இடம், காலடியில் மெத்தென்று அழுந்தும் மண், சுவரின் அடியில் வண்ணக் கறை எல்லாவற்றையும் படம் எடுத்து வரைபடத்தில் குறியுங்கள்.

செருப்பு போதாது, ஷூ வேண்டும். முகக்கவசம், கையுறை போடுங்கள். மூடிய தொட்டிக்குள்ளும் குழிக்குள்ளும் எட்டிப் பார்க்கக்கூட இறங்காதீர்கள். டேனரிச் சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து போவார். பழைய சேற்றுத் தொட்டியின் கரையிலும் ஏறி நிற்க வேண்டாம். ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அதிகாலை பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அப்புறம் கிணறுகள். இடத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கிணற்றையும் போரையும் எண்ணி, ஆழம், தண்ணீரின் நிறம், ருசி, எந்த வருடத்திலிருந்து குடிப்பதை நிறுத்தினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். திண்டுக்கல் பகுதியில் ஒரு தன்னார்வக் குழு 13 கிராமங்களில் இப்படித்தான் கிணறு கிணறாகப் போய்ப் பார்த்தது. 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. அந்த எண்ணிக்கை டேனரிக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்த நாட்டின் சட்டமாக உறுதிசெய்த தீர்ப்பு அது.

மண் எடுப்பது

இங்கிருந்து ஒரு சுற்றுச்சூழல் பொறியாளரோ, பக்கத்துக் கல்லூரியின் மண்ணியல், வேதியியல் பேராசிரியரோ கூட இருக்க வேண்டும். ஆனாலும் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதல் எச்சரிக்கை: வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கே வழக்கமாகப் பார்ப்பது தழை, மணி, சாம்பல் சத்து, உப்புநிலை, கார அமில நிலை. "மண் நன்றாக இருக்கிறது" என்று வருகிற அந்த அட்டைக்கும் குரோமியத்துக்கும் சம்பந்தம் இல்லை. கையில் பிடிக்கிற டிடிஎஸ் மீட்டரும் அப்படித்தான். அது உப்பைச் சொல்லும், விஷத்தைச் சொல்லாது. என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேப் வேண்டும். அதுவும் நீங்கள் கேட்கிற அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சந்தேகப்பட்ட இடங்களில் நெருக்கமாகவும் மற்ற இடத்தில் கட்டம் போட்டுச் சீராகவும் மண் எடுப்பார்கள். மேல் 15 செ.மீ. ஒரு மாதிரி, அரை மீட்டரில் ஒன்று, ஒரு மீட்டரில் ஒன்று. மேல்மண் பிள்ளைகள் தொடுவது, அடிமண் கிணற்றுக்குப் போவது. கண்டிப்பாக இடத்துக்கு வெளியே, அதே வகை மண் உள்ள, தொழிற்சாலைத் தண்ணீர் படாத நிலத்திலிருந்தும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் "இந்த ஊர் மண்ணே இயற்கையாக அப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள், பதில் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது. குரோமியம் பார்க்கும்போது குரோம் முலாம் பூசிய கருவியால் தோண்டக் கூடாது. பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் செலவு குறையும், கெட்ட மூலையும் சராசரியில் கரைந்துபோகும். அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

ஆறு இணைதிறன் குரோமியத்துக்காக எடுத்த தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்து திங்கட்கிழமை கொடுத்தால் அந்தச் சோதனை வீண். எடுத்தவர் யார், எத்தனை மணிக்கு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற தாள் ஒவ்வொரு மாதிரியோடும் போகட்டும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் ரிப்போர்ட்டைவிட அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

"கண்டறியும் அளவுக்குக் கீழே" என்று வந்தால் உடனே நிம்மதி அடையாதீர்கள். அந்த லேப் கண்டறியும் அளவு எவ்வளவு என்று பாருங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தரநிலை லிட்டருக்கு 0.05 மி.கி. லேபின் கருவி 0.1-க்குக் கீழே பார்க்காது என்றால், வரம்பைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தாலும் "இல்லை" என்றுதான் ரிப்போர்ட் வரும். ஈயத்துக்கு வரம்பு 0.01, பாதரசத்துக்கு 0.001.

மண்ணுக்கு இப்படி ஒரே எண் சொல்ல முடியாது. அங்கே என்ன வரப்போகிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். கிடங்குக்குச் சரியானது பால்வாடிக்குச் சரியாகாது. நடக்கத் தொடங்கிய பிள்ளை கையை வாயில் வைக்கும். அமெரிக்காவின் ஆபத்துக் கணக்குகளில் சின்னப் பிள்ளை ஒரு நாளைக்கு 200 மி.கி. மண்ணை விழுங்குவதாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். எண்களும் காலத்துக்குக் காலம் இறுகும். வீட்டு மண்ணில் ஈயத்துக்கு அங்கே பல வருடம் இருந்த கிலோவுக்கு 400 மி.கி. என்பதை 2024-ல் 200 ஆக்கினார்கள். கொடைக்கானலில் பாதரசத்தைக் கிலோவுக்கு 20 மி.கி. வரை சுத்தம் செய்தால் போதும் என்று முடிவானபோது, பக்கத்திலேயே பாம்பார் சோலைக்காடு இருக்கிறது, இது போதாது என்று மக்கள் வருடக்கணக்கில் போராடியது இதற்காகத்தான். ஆகவே ஆலோசகர் ஒரு வரம்பைச் சொன்னால், "இது யார் வாழ்கிற இடத்துக்கான வரம்பு?" என்று கேளுங்கள்.

ஒவ்வொரு கெட்ட எண்ணுக்கும் மூன்று கேள்வி: விஷம் எங்கே இருக்கிறது, எந்த வழியாக வரும், யாரிடம் வரும்? இந்த மூன்றையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வழியை அடைத்தால்கூட ஆள் தப்பிக்கலாம். அடுத்த முடிவுகள் எல்லாம் இந்தப் படத்திலிருந்துதான் வரும்.

யாரிடம் கொண்டுபோவது

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்றே விதிகளை வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட நிர்வாகம் தர வேண்டும். முதல்கட்ட ஆய்வை 90 நாளில் முடிக்க வேண்டும், பிறகு விரிவான ஆய்வு. மாசு உறுதியானால் இடத்தை அறிவித்து, ஆட்கள் போவதைக் கட்டுப்படுத்தி, காரணமானவரிடம் செலவை வாங்க வேண்டும். ஆக, உங்கள் ரிப்போர்ட், வரைபடம், கிணற்று நோட்டு மூன்றையும் சேர்த்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து, இந்த இடத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிராமம் என்றால் கிராம சபைத் தீர்மானமும் கூடப் போகட்டும். மனு ரசீதை வாங்காமல் வராதீர்கள்.

அப்புறம் என்ன கட்டலாம்

கெட்ட பகுதி சிறியதென்றால் தோண்டி எடுத்து, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அபாயகரக் கழிவுக் கிடங்குக்கு அனுப்புவதே நல்லது. பெரியதென்றால் இரும்பு சல்பேட் கலந்து ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக மாற்றுவது, நீர் புகாத விரிப்பும் நல்ல மண்ணும் போட்டு மூடுவது என்று வழிகள் உண்டு. வெட்டிவேர் நட்டால் விஷத்தை உறிஞ்சிவிடும் என்பவர்களிடம் எத்தனை வருடத்தில் என்று கேளுங்கள். அது துணைக்கு வரலாம், வைத்தியத்துக்குப் போதாது.

மூடி வைத்த இடத்தில் பூங்கா, நடைபாதை, கைப்பந்து மைதானம் வரலாம். காய்கறித் தோட்டம் கூடாது, போர் கூடாது, ஆழமாக வேர் விடும் மரமும் அந்தத் திட்டில் வேண்டாம். நம் ஊரில் எல்லோரும் மறப்பது மழைநீர் சேகரிப்புத் தொட்டி. கட்டடம் என்றால் அது கட்டாயம், பூங்காவிலும் நல்ல எண்ணத்தோடு குழி தோண்டி ஜல்லி போடுவார்கள். மாசடைந்த மண்ணில் அந்தக் குழியைப் போட்டால், மழை ஒவ்வொரு முறையும் குரோமியத்தைக் கழுவி நேராக ஊர்க் கிணற்றுக்கு அனுப்பும். மூடிய பகுதியில் விழும் மழை மேலாகவே ஓடி, சோதித்துச் சுத்தம் என்று தெரிந்த பக்கத்தில்தான் இறங்க வேண்டும். வரைபடம் கைக்கு வந்ததும் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

லவ் கெனால் பத்திரத்தில் இங்கே ரசாயனக் கழிவு புதைந்திருக்கிறது என்று எழுதித்தான் கொடுத்தார்கள். அதைப் படிக்காமலே வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் ஏராளம். ஆகவே எந்தப் பகுதி மூடப்பட்டது, எவ்வளவு ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதை உள்ளாட்சித் தீர்மானமாகப் பதிவேட்டில் ஏற்றுங்கள், தானப் பத்திரத்தில் நிபந்தனையாகச் சேர்க்கப் பாருங்கள், பூங்கா வாசலில் தமிழில் பலகை வையுங்கள். அதோடு, நல்ல மண்ணைக் கொட்டுவதற்கு முன் கெட்ட மண்ணின் மேல் பளிச்சென்ற ஆரஞ்சு நிற வலை ஒன்றை விரிக்கச் சொல்லுங்கள். விலை அதிகமில்லை. முப்பது வருடம் கழித்துப் பலகை துருப்பிடித்து, தீர்மானத்தை யாரும் படிக்காமல் போனாலும், குழாய் பதிக்கத் தோண்டுகிறவரின் மண்வெட்டியில் அந்த வலை மாட்டும்.